வெர்னியர் சார் அளந்த சோறு

ஓசூரில் பிரேக்கை அளப்பவர்கள் இருக்கிறார்கள். கியரை அளப்பவர்கள் இருக்கிறார்கள். ரோஜாப்பூவின் காம்பை அளந்து வெளிநாட்டுக்குப் பெட்டியில் அடுக்குகிறவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் சோற்றை மில்லிமீட்டரில் அளந்து விற்றவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவருடைய கடை மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் போகிற வழியில் இருந்தது. அந்தக் கடையின் மாடியில் நான் இரண்டு வருஷம் குடியிருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் இடத்தில் அவர் ஒரு வெர்னியர் காலிப்பர் குத்தியிருப்பார். பறவை அலகு மாதிரி இரண்டு தாடைகள் உள்ள எஃகு அளவுகோல் அது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் முதல் கோயில் ஃபாதர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் வெர்னியர் சார். அவருடைய மனைவியே, யாராவது தேடி வந்தால், “வெர்னியர் உள்ள இருக்காரு, கூப்புடறேன்” என்பார்.

ஒரு பிரேக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கடைசிக் கட்ட இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். ஒருமுறை, நூலிழையில் பாதிகூட இல்லாத ஒரு வித்தியாசத்துக்காக ஒரு லாரி லோடையே கேட்டில் நிறுத்தினாராம். பிளான்ட் ஹெட்டே இறங்கி வந்து, “இந்த ஒரு தடவை டீவியேஷன்ல விட்டுடலாம் சார்” என்று கெஞ்சினாராம். டீவியேஷன் என்றால், அளவு தவறிய பொருளை ‘இந்த ஒரு தடவைக்கு ஏற்றுக்கொள்கிறோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் படிவம். வெர்னியர் சார் போடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றில்கூடப் போட்டதில்லை. “என் கையெழுத்தைப் பாங்க்ல பார்த்திருப்பாங்க, டீவியேஷன்ல பார்த்திருக்க மாட்டாங்க” என்பார்.

இப்படிப்பட்டவர் சுஷிக் கடை வைத்ததற்குக் காரணம் ருசி அல்ல. கம்பெனிக்குப் புது மெஷின் வந்தபோது அதை ஓட்டிக் காட்ட ஜப்பான்காரர் ஒருவர் வந்து எட்டு மாதம் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே சமைப்பார். துணைக்கு அனுப்பப்பட்டவர் நம் ஆள். ஜப்பான்காரர் சோற்றைக் கையில் எடுத்து, ஒரு அமுக்கு அமுக்கி, மேலே ஒரு மீன் துண்டை வைத்து அடுக்குவதை இவர் பார்த்திருக்கிறார். யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றையும் வெர்னியரால் அளந்தும் பார்த்திருக்கிறார்.

“இருபது பீஸ் அளந்தேம்மா. இருபதும் ஒரே அளவு! மெஷின் இல்ல, மோல்டு இல்ல. ஒரு மனுஷன் வெறுங்கையில டாலரன்ஸ் புடிக்கறான்!” இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுக்கும். சாப்பிட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். “அது அப்புறம் ஒரு நாள் பார்த்தேன்” என்றார்.

விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு கடையைத் திறந்துவிட்டார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் போர்டு: ‘சகாயம் சுஷி மெஸ்’. சகாயம் என்பது ஜப்பானில் எந்த ஊர் என்று பெங்களூரிலிருந்து பைக்கில் வந்த பையன்கள் கேட்பார்கள். “எங்கூட்டுக்காரம்மா” என்று கல்லாப்பெட்டிப் பக்கம் கை காட்டுவார்.

மெனுவில் பதினாறு அயிட்டங்கள். எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டென்றாலும் பதினாறையும் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். மாங்காய்த் தொக்கு ரோல், கருவாட்டுச் சுஷி, வெள்ளரியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்த ரோல், ராகிக் களி சுஷி. சுற்றுகிற கடல்பாசித் தாளுக்கு எங்கள் தெருவில் ‘கறுப்புப் பேப்பர்’ என்று பெயர். ஜப்பான்காரர்கள் சுஷிக்குத் தொட்டுக்கொள்ளும், மூக்கைத் துளைக்கும் பச்சை விழுதுக்குப் பதிலாகக் கடுகும் பச்சை மிளகாயும் அரைத்து வைப்பார். அது மூக்கோடு நிற்காது, காது வழியாகவும் வெளியே வரும். சாப்பிடும் குச்சிகளை சிப்காட்டில் லேத் வைத்திருந்த நண்பரிடம் எஃகுக் கம்பியில் கடைந்து வாங்கியிருந்தார். ஸ்க்ரூடிரைவர் பிடியில் இருக்குமே, அந்தச் சொரசொரப்புப் பிடியோடு. பிடி வழுக்காது. எடைதான் கொஞ்சம் அதிகம். சாப்பிட்டு முடித்தால் முழங்கை வலிக்கும்.

ரோலுக்குத்தான் குச்சி. கையால் அமுக்கிய சோற்றுத் துண்டைத் தட்டில் வைக்கவே மாட்டார். “தட்டுல வெச்சா ஷேப் போயிரும். கையில வாங்கிச் சாப்புடணும், அதான் முறை” என்பார். நெஞ்சுயரத்துக்கு ஒரு கவுன்ட்டர். அதற்குப் பின்னால் மரப்பலகை போட்டு அதன்மேல் நிற்பார். மேலேயிருந்து ஒவ்வொரு துண்டாக நீட்டுவார். நாம் அண்ணாந்து உள்ளங்கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு துண்டும் நீளம் ஐம்பது மில்லிமீட்டர், அகலம் இருபத்தைந்து, எடை இருபது கிராம், சோற்றின் சூடு முப்பத்தேழு டிகிரி. அன்றைய முதல் துண்டுக்கு, மற்றவற்றுக்கு அதுதான் மாதிரி என்று பச்சை அட்டை கட்டிக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். அளவு தவறியவை பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டிக்குப் போகும். கடை மூடும்போது பெட்டியைத் திறப்பார் என்பது மத்திகிரி நாய்களுக்குத் தெரியும். தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கும் அவர் ஏதோ பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்.

நான் விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்த முதல் வாரம், ஓசூர் ஃபேக்டரி ஒன்றின் குவாலிட்டிப் பிரிவில் ட்ரெய்னி. பசியோடு கடைக்குள் நுழைந்தேன். அவர் என்னுடைய துண்டை எடுத்தார், அளந்தார், உதட்டைப் பிதுக்கினார், சிவப்புப் பெட்டியில் போட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் பெட்டியை நோக்கிப் போனபோது நான் அமைதியாகக் கேட்டேன்:

“சார், அந்த வெர்னியரைக் கடைசியா எப்போ காலிப்ரேட் பண்ணீங்க?”

அளவுக் கருவியே சரியாக அளக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வெர்னியரைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் தேதி தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் கடை பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள்: ‘அளவுக்கருவி சரிபார்ப்பின் காரணமாக இன்று விடுமுறை.’

அதற்கடுத்த நாள் அவரே மாடி ஏறி வந்தார். புது ஸ்டிக்கரைக் காட்டினார். “ட்ரெய்னி, இத்தனை வருஷத்துல என்னை இப்புடி யாரும் கேட்டதில்ல” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு ட்ரெய்னிதான். வேலை நிரந்தரமாகி, பதவி உயர்வு வந்து, எனக்குக் கீழே நான்கு ட்ரெய்னிகள் வந்த பிறகும் ட்ரெய்னிதான்.

அவருடைய இன்னொரு பழக்கம், ஐந்து ‘ஏன்’. ஃபேக்டரியில் ஒரு குறை வந்தால், ஏன் வந்தது என்று கேட்பார்கள். பதில் வந்தால் அதற்கும் ஏன் என்பார்கள். இப்படி ஐந்து தடவை கேட்டால் குறையின் வேர் கிடைத்துவிடும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. இதை அவர் வாடிக்கையாளர்களிடம் செய்வார். ஒருநாள் நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னா சார் இது, சப்புன்னு கெடக்குது?”

வெர்னியர் சார் நோட்டை எடுத்தார். “ஏன் சப்புன்னு இருக்கு?”

“காரம் இல்ல.”

“ஏன் காரம் வேணும்?”

“காரமில்லாம சோறு எறங்காதுங்க.”

“ஏன் எறங்காது?”

“என்னா சார் நீங்க, எங்கூட்டுக்காரி அப்புடித்தான் வெப்பா. பழகிருச்சு.”

“சரி. இன்னைக்கு அவங்க வெச்சதை ஏன் சாப்புடல?”

“ஊட்டை உட்டுப் பதினோரு நாளாச்சு சார்.”

“ஏன்?”

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். வெளியே போய் ஃபோனில் பேசிவிட்டு வந்து இன்னும் எட்டுத் துண்டு வாங்கிச் சாப்பிட்டார். நோட்டில் வெர்னியர் சார் எழுதினார்: ‘மூலகாரணம்: வீட்டு ஞாபகம். சமையலில் குறை இல்லை. புகார் முடிக்கப்பட்டது.’

இந்த ராஜ்ஜியத்தில் ஒரே ஓர் எதிர்க்கட்சி, போர்டில் பெயருள்ள சகாயம் ஆன்ட்டி. கடை திறந்த நாளிலிருந்து அவர் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. மத்தியானம் ஒரு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே டிபன் கேரியரைத் திறப்பார். கொதிக்கக் கொதிக்கச் சோறு, ரசம், ஏதாவது ஒரு பொரியல். எழும்பும் ஆவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். அதைத் துடைக்காமலே பிசைவார். எதிரில் குச்சியோடு போராடிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கள் அந்த வாசனைக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். “அங்கிள், அந்த ஆன்ட்டி சாப்புடறது மெனுல எத்தனாவது நம்பர்?” என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வெர்னியர் சாரின் காது சிவக்கும்.

நான் போன இரண்டாவது வருஷம் சாம்பல் புதனன்று விஷயம் முற்றியது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து வந்த ஆன்ட்டி, கல்லாச் சாவியை மேஜைமேல் வைத்தார். பெங்களூரில் அவர்களுடைய மகள் ஜெசி நர்சாக இருந்தாள். அப்பா அம்மா இருவரையும் வந்து தங்கச் சொல்லிப் பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஈஸ்டர் முடிஞ்சதும் போயிரலாங்க. கடையைக் கேக்கறவங்களுக்குக் குடுத்துடுங்க.”

“ஏன் சகாயம்? கடை நல்லாத்தான ஓடுது?”

“எம்பேரைப் போட்டுருக்கீங்க. என்னால ஒரு வாய் திங்க முடியல. அப்புறம் எனக்கு இங்க என்னா வேலை? நான் சாப்புடற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுங்க, இருந்துக்கலாம். இல்லன்னா மூட்டையைக் கட்டிக்கலாம்.”

ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவணை. வெர்னியர் சார் அன்று இரவு சாப்பிடவில்லை. தவக்கால நோன்பு என்று சொல்லிக்கொண்டார். எனக்கும் கவலைதான். மாடி போய்விடும், கீழே சாப்பாடு போய்விடும், ட்ரெய்னி என்று கூப்பிட ஆள் இருக்காது. மூன்றையும் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். மூன்றாவது முதலிடத்துக்கு வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை அவர் மதரீதியாக அணுகினார். “வெள்ளிக்கெழமை கறிதான் கூடாது, மீன் கூடும்னு திருச்சபையே சொல்லுது. அப்ப சுஷி யாருக்காகச் செஞ்சது? சொல்லு!” வறுத்த வஞ்சிரத்தைச் சோற்றின் மேல் வைத்து நீட்டினார். ஆன்ட்டி மீனை மட்டும் இரண்டு விரலால் எடுத்துத் தின்றார். சோறு வெர்னியர் சார் கையிலேயே நின்றது. “மீன் நல்லாருக்குது. மத்ததை நீங்களே வெச்சுக்கோங்க.”

இரண்டாவது வாரம், சோறே வேண்டாம் என்று ராகிக் களியை உருட்டினார். அதைப் பார்த்ததும் ஆன்ட்டியின் முகம் கதவு சாத்தினதுபோல் ஆனது. “களி உருண்டையா? அதுவும் ஆறிப்போயா?” என்றவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்றாவது வாரம் கறுப்புப் பேப்பருக்குப் பதில் வெற்றிலையில் சுற்றினார். ஆன்ட்டி பிரித்துச் சோற்றை உதறிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். “சுண்ணாம்பு இருக்குதா?” நான்காவது வாரம் மிளகாய்ப்பொடி தடவிய பெங்களூரா மாங்காய். மாங்காய் போயிற்று. சோறு இருந்தது.

ஒவ்வொரு தோல்வியையும் வெர்னியர் சார் நோட்டில் ஏற்றினார். சோற்றின் நீளத்தைக் குறைத்தார். எடையைப் பதினெட்டு கிராமாக்கினார். ஒருநாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னைப் பிடித்து உட்கார வைத்து நோட்டைக் கொடுத்தார். “நீயே பாரு ட்ரெய்னி. எனக்குப் புரியல.”

பார்த்தேன். இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன். சாப்பிட்டவை: மீன், வெற்றிலை, மாங்காய். சாப்பிடாதவை: சோறு, களி. காரணம் என்ற கட்டத்தில் நான்கு முறையும் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: ‘பிடிக்கல.’

“சார், டிரைவர்கிட்ட எத்தனை ஏன் கேட்டீங்க?”

“அஞ்சு.”

“ஆன்ட்டிகிட்ட?”

நோட்டைத் திரும்ப வாங்கி மெதுவாகப் பார்த்தார். “ஒண்ணு.”

“மீதி நாலு?”

“ஏம்மா, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. பொண்டாட்டிகிட்ட ரெண்டாவது ஏனுக்கே கரண்டி பறக்கும்.”

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று மத்தியானம் கடைக்கு விடுமுறை. ஆன்ட்டி வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, கோயிலில் கொடுத்த தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெங்களூருக்குக் கட்டிய முதல் அட்டைப்பெட்டி. கடைக் குச்சிகளில் பாதி அதற்குள் போய்விட்டிருந்தன. வெர்னியர் சார் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார். கரண்டிகளை முன்கூட்டியே எடுத்து ஒளித்தும் வைத்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

“சகாயம், நான் செய்யறதை ஏன் சாப்புட மாட்டேங்கற?”

“புடிக்கல. எத்தினி வாட்டி சொல்றது?”

“ஏன் புடிக்கல?”

ஆன்ட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன். குருத்தோலையை ஒரு மடிப்பு மடித்தார்.

“ஆறின சோறுங்க அது.”

“ஆறின சோறு ஏன் புடிக்கல? நானும் பழையது தின்னு வளந்தவன்தான, அதுல என்னா—”

“சார்,” என்றேன். “கேள்வி மட்டும்.”

“சரி. ஏன் புடிக்கல?”

“சின்னதுல அதைத்தான் தின்னேன். போதும் போதும்னு தின்னாச்சு.”

“ஏன் அதையே தின்ன?”

“எங்கம்மா சிங்காரப்பேட்டை பக்கம் ஒரு பண்ணைக்கார ஊட்டுல வேலை செஞ்சுது. காத்தால வடிச்ச சோறு, மீந்துபோன களி, அதான் சாயங்காலம் கூலியோட குடுப்பாங்க. அம்மாகூட நானும் போய் நிப்பேன்.”

ஐந்தாவது ஏன் பாக்கி இருந்தது. எப்போதும் ஃபேக்டரிக் குரலில் கேட்பவர், இதை மட்டும் கோயிலில் பேசுகிற குரலில் கேட்டார்.

“ஆறினது மட்டுந்தான் காரணமா? மீனைத் தின்ன, மாங்காயைத் தின்ன. சோத்தைப் பார்த்தா மட்டும் ஏன் மொகம் மாறுது?”

ஆன்ட்டியின் விரல்கள் நின்றன.

“அங்க தட்டுல போட மாட்டாங்க. பின்வாசப்படி மேல நின்னுக்குவாங்க. ஒரு உருண்டை உருட்டி, கை படாம மேலேர்ந்து போடுவாங்க. நாங்க கீழ நின்னு கையை ஏந்திக்கணும். நழுவி மண்ணுல உழுந்தா அதையே எடுத்துத் தின்னணும், வேற தர மாட்டாங்க.” கவுன்ட்டரைப் பார்த்தார். “நீங்க அந்தப் பலகை மேல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா நீட்டறீங்க. நீங்க ஆசையாத்தான் செய்யறீங்க, தெரியும். ஆனா எங்கையை நீட்ட வரலைங்க.”

தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வெர்னியர் சார் வாயைத் திறந்தார்.

“இருபத்தேழு வருஷமா எங்கிட்ட ஏன்—”

“அது ஆறாவது,” என்றார் ஆன்ட்டி. “அஞ்சு முடிஞ்சிருச்சு.”

வெர்னியர் சார் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருடைய பை காலியாக இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் மாடிக்குப் போய்விட்டேன். சாட்சி தேவைப்படும் கட்டம் முடிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்கக் கடை திறக்கவில்லை. பெரிய வியாழன் முழுக்கக் கீழே ரம்பம் அறுக்கும் சத்தம். பெட்டி கட்டுகிறார்கள் என்று நினைத்து நான் எட்டிப் பார்க்கவில்லை. நாமே போய்ப் பார்க்காத வரைக்கும் எதையும் முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாமே என்ற, பொறியாளருக்குப் பொருந்தாத ஒரு நம்பிக்கை.

ஈஸ்டர் ஞாயிறு பன்னிரண்டரை மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் ஒரு தாள். கம்பெனிப் படிவம் மாதிரியே அவரே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். மேலே பெரிய எழுத்தில்: ‘டீவியேஷன்’.

வாங்கிப் படித்தேன். ‘சூடு: இருக்கவேண்டியது 37 டிகிரி. இன்று, ஆவி பறக்க. வடிவம்: இருக்கவேண்டியது 50 × 25. இன்று, உருட்டப்படாது. பரிமாறும் முறை: இருக்கவேண்டியது கையில். இன்று, தட்டில், சாப்பிடுபவர் உட்கார்ந்து. காரணம்: சகாயம்.’ கீழே அவருடைய கையெழுத்து. பாங்க்கில் மட்டுமே பார்க்கக் கிடைத்த அதே கையெழுத்து.

“ஒப்புதல்னு ஒரு கட்டம் இருக்கு. நீ போடு.”

“சார், எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.”

“எனக்கு மட்டும் இருக்குதா? போடும்மா.”

போட்டேன். கீழே போனால், நெஞ்சுயரக் கவுன்ட்டர் இல்லை. ரம்பத்தால் அறுத்து, சாப்பாட்டு மேஜை உயரத்துக்கு இறக்கியிருந்தார். வெட்டின விளிம்பு ஒரு பக்கம் கோணலாக இருந்தது. வெர்னியரால் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் அளக்க முடியாது, கண்ணளவில் அறுத்திருக்கிறார். பின்னாலிருந்த பலகையைக் காணோம். அதற்குப் பதில் ஒரு நாற்காலி.

சகாயம் ஆன்ட்டி புதுப் புடவையோடு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெர்னியர் சார் எவர்சில்வர் தட்டை முன்னால் வைத்தார். குண்டானிலிருந்து சுடச்சுடச் சோற்றை அள்ளிப் பரப்பினார். அதன்மேல் கிருஷ்ணகிரி அணை மீனை முறுகலாக வறுத்து, மாங்காயைப் பொடியாக அரிந்து, கறுப்புப் பேப்பரை அப்பளம்போல நொறுக்கித் தூவினார். எள்ளும் நல்லெண்ணெயும் ஒரு சுற்று. பிறகு இன்னொரு தட்டில் அதே குண்டானிலிருந்து தனக்கும் போட்டுக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரின் கண்களும் ஒரே உயரத்தில் இருந்தன.

ஆன்ட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி எழுந்து கண்ணாடி வெள்ளையானது. துடைக்கவில்லை. பிசைந்தார். ஒரு வாய். மென்றார். இன்னொரு வாய். வெர்னியர் சார் தன் சோற்றைத் தொடவே இல்லை. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தது.

மூன்றாவது வாய்க்குப் பிறகு ஆன்ட்டி சொன்னார்: “சோறு கொஞ்சம் கொழைஞ்சு போச்சு.”

“ஏ—” என்று தொடங்கினார் வெர்னியர் சார்.

“ஏன்னு கேட்டீங்கன்னா தட்டு பறக்கும்.”

ஆன்ட்டி தட்டை அவர் பக்கம் தள்ளினார். “என்னா பாத்துக்கிட்டு இருக்கீங்க? இன்னுங் கொஞ்சம் போடுங்க.”

அவர் எழுந்து குண்டான் பக்கம் திரும்பினார். திரும்பினவர் உடனே பரிமாறவில்லை. முதுகைக் காட்டியபடியே கொஞ்சநேரம் நின்றார். நான் அட்டைப்பெட்டியைத் திறந்து, குச்சிகளை எடுத்துத் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன். எனக்கும் ஏதாவது வேலை தேவைப்பட்டது.

மெனுவில் பதினேழாவது அயிட்டம் அப்படித்தான் வந்தது. ஒரு மாதத்தில் மற்ற பதினாறையும் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். ஜெசி ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். சிவப்புப் பெட்டி காலியாகவே இருந்ததில் நாய்களுக்குத்தான் நஷ்டம். வெர்னியர் சார் அவற்றுக்குத் தனியாகச் சோறு வைத்தார், அளந்து. டீவியேஷன் படிவத்தில், எவ்வளவு நாளைக்குச் செல்லும் என்ற ஒரு கட்டம் எப்போதும் உண்டு. அந்தக் கட்டத்தை அவர் நிரப்பவே இல்லை. நான் எத்தனையோ முறை நினைவுபடுத்தினேன். “ஆகட்டும் ட்ரெய்னி, பார்த்துக்கலாம்” என்பார்.

இப்போது நான் புனேயில் இருக்கிறேன். இங்கே நல்ல சுஷிக் கடைகள் இரண்டு இருக்கின்றன. மெல்லிய மூங்கில் குச்சி, முழங்கை வலிப்பதில்லை. எங்கும் யாரும் எதையும் அளப்பதில்லை, ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

ஞாயிறு மத்தியானம் மத்திகிரிக்கு ஃபோன் செய்வேன். எடுப்பது சகாயம் ஆன்ட்டிதான். பின்னால் தட்டுச் சத்தம் கேட்கும். “கடைல சாப்புட்டுட்டு இருக்கேன் கண்ணு, சூடு ஆறிப்போயிரும், அப்புறம் கூப்புடு” என்று வைத்துவிடுவார். வேண்டுமென்றேதான் சரியாக ஒரு மணிக்குக் கூப்பிடுகிறேன்.